நடுங்காத எண்

ரோஸ் வருவதற்கு முன்பு, அழகியநம்பி சார் கன்ட்ரோல் ரூமுக்குள் நுழைந்ததும் முதலில் என்னிடம்தான் வருவார். "அனந்தம், கெட்டில் எப்படி இருக்கு?" என்று கேட்பார். இருநூற்று முப்பத்தொன்பது, மெதுவாக ஏறுகிறது என்று நான் சொல்வேன். தலையாட்டிவிட்டுப் போவார். மூன்று வருஷத்தில் அவர் என்னிடம் பேசியது அநேகமாக இவ்வளவுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பாப்பனங்கோட்டில், பெயிண்டுக்கு வேண்டிய ரெசின் தயாரிக்கும் சிறிய தொழிற்சாலை அது. அழகியநம்பி சார் அங்கே ஷிப்ட் இன்ஜினீயர். திருநெல்வேலிக்காரர். கெட்டில் என்று நாங்கள் சொன்னது, இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கும் மூடிய கொதிகலத்தை. எண்ணெயும் மற்ற சரக்குகளும் அதில் இருநூற்று நாற்பது டிகிரியில் மணிக்கணக்காக வேக வேண்டும். சூடு குறைந்தால் வேகாது. கூடினால் இறுகி, உள்ளேயே கல் மாதிரி ஆகிவிடும். ஜெல் ஆகிவிட்டது என்பார்கள். அப்புறம் ஆட்கள் உளியோடு கெட்டிலுக்குள் இறங்கி நாள்கணக்கில் வெட்டி எடுக்க வேண்டும். நான் சேர்ந்த பிறகு அப்படி ஒரு தடவைகூட நடந்ததில்லை.

மகளிர் கல்லூரியில் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்துவிட்டு, வலியசாலையிலிருந்து கிழக்கேகோட்டை வந்து பஸ் பிடித்து அங்கே போய்க்கொண்டிருந்தேன். தற்காலிக வேலை. ரெக்கார்டரைப் பார்த்துக்கொள்வது. சுவரில் பதித்த ஒரு கண்ணாடிப் பெட்டி அது. அதற்குள் பச்சைக் கட்டம் போட்ட காகிதச் சுருள் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். கெட்டிலுக்குள் செருகிய கம்பி தெரிவிக்கும் சூட்டை, ஒரு சிறிய பேனா சிவப்புக் கோடாக அதில் வரையும். அரைமணிக்கு ஒரு தரம் பெட்டியைத் திறந்து, கோட்டுக்குப் பக்கத்தில் பென்சிலால் நேரத்தையும் என் இனிஷியலையும் எழுத வேண்டும். சாதாரண மையில் எழுதினால் அந்தக் காகிதத்தில் பரவிவிடும். கோடு தாறுமாறாகப் போனால் அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டு, உடனே சாரிடம் சொல்ல வேண்டும். மூன்று வருஷத்தில் ஒரு அரைமணியைக்கூட நான் விட்டதில்லை.

பேனாவில் மை ஊற்றுவதும் நான்தான். அடைத்துக்கொண்டால் மெல்லிய கம்பி விட்டுச் சுத்தம் செய்வேன். அதனால் என் வலது ஆள்காட்டி விரல் எப்போதும் சிவப்பாக இருக்கும். பஸ்ஸில் கண்டக்டர் ஒருவர், டீச்சரா, பரீட்சைப் பேப்பர் திருத்துகிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கிச் சொல்ல எனக்கு வராது.

அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். கொதிக்கும் எதுவும் ஒரே எண்ணில் நிற்காது. கெட்டிலுக்குள் சுழலும் கலக்கி ஒரு சுற்றுச் சுற்றினால் கால் டிகிரி ஏறும், இறங்கும். அதனால் கோடு எப்போதும் சின்னச் சின்னப் பிசிறுகளோடு நடுங்கிக்கொண்டே இறங்கும். நடுக்கம் நின்றால் பேனா அடைத்துக்கொண்டது என்று அர்த்தம்.

எண்பத்தைந்தாம் வருஷம் ஜூன் மாதம் புதிய கன்ட்ரோலர் வந்தது. கூடவே ஒரு ஸ்கிரீன். டெலிவிஷன் பெட்டி மாதிரி, கறுப்பில் பச்சை எழுத்து. கெட்டிலில் இன்னொரு கம்பியைச் செருகி அதோடு இணைத்தார்கள். அது நொடிக்கு நொடி சூட்டைக் காட்டும், சூடாக்கும் வால்வையும் தானே திறந்து மூடும். ஸ்கிரீனைப் பார்த்துக்கொள்ள ரோஸ் வந்தாள். பெண்கள் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா. வீடு வலியதுறையில். அவள் அப்பாவின் ஊர் குளச்சல் என்பதால் தமிழ் பேசுவாள், பாதி மலையாளமாக. என்னைவிட நான்கு வயது சின்னவள். அவளுடையதும் தற்காலிக வேலைதான்.

ரெக்கார்டரை உடனே எடுத்துவிடவில்லை. ஆறு மாதம் இரண்டும் ஓடட்டும் என்றார் சார். அதற்குப் பிறகு கன்ட்ரோல் ரூமில் ஒரே ஒரு ஆள் நிரந்தரமாக இருப்பார். அது யார் என்று டிசம்பரில் தெரியும்.

வீட்டில் அம்மா அதற்குள் கோயிலுக்கு வேண்டிக்கொண்டாயிற்று. "மூணு வருஷமா இருக்கறவளை விட்டுட்டு நேத்திக்கு வந்தவளுக்கா குடுப்பா?" என்று கேட்டாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் வாரமே அழகியநம்பி சார் உள்ளே வந்ததும் ஸ்கிரீன் பக்கம் திரும்பிவிட்டார். கெட்டில் எப்படி இருக்கு என்று அவர் கேட்கவேயில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை, கதவருகில் நின்றாலே எண் தெரிந்தது. ரோஸ் நாற்காலியைத் தள்ளிப்போட்டு அவருக்கு இடம்விடுவாள். வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது, போன மணியில் எவ்வளவு இருந்தது என்று பொத்தானைத் தட்டித் தட்டிக் காட்டுவாள். அவர் சிரிப்பார். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் பேனாவைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

ரோஸுக்கு எல்லாரிடமும் பேச வந்தது. கெட்டில் தளத்தில் இருக்கும் திரவியம் அண்ணாச்சி யாருக்கும் வளைந்து கொடுக்காத மனிதர். அவரே இன்டர்காமில் அவளோடு விளையாடுவார். உன் பெட்டியில் சினிமா வருமா என்பார். ஞாயிற்றுக்கிழமை வரும், சீட்டு எடுத்து வையுங்கள் என்பாள் இவள். எனக்கு அந்தப் பதில் தோன்றியிருக்காது. தோன்றினாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆனால் அரைமணிக்கு ஒருதரம் அவள் என் பக்கம் திரும்பிக் கேட்பாள். "சேச்சி, அங்கே எத்தனை?"

அவளாகவே வைத்துக்கொண்ட வழக்கம் அது. என் பேனா சொல்வதும் அவள் ஸ்கிரீன் சொல்வதும் ஒன்றுதானா என்று பார்க்க. முதல் இரண்டு வாரம் நான் எண்ணைச் சொன்னேன். அவள் எழுதி வைத்துக்கொண்டாள். அப்புறம் ஒருநாள், சார் அவளிடம் ஸ்கிரீனில் தெரிய வேண்டிய புதிய பக்கங்களை அவளே எழுதலாம் என்று சொல்லிவிட்டுப் போன நாள், அவள் வழக்கம்போல் கேட்டாள். நான் திரும்பாமலே, "உன் ஸ்கிரீன்லதான் எல்லாம் இருக்கே. இந்தப் பழசை எதுக்குக் கேக்கறே?" என்றேன்.

அடுத்த அரைமணியில் மறுபடி கேட்டாள். நான் காதில் விழாததுபோல் மைப்புட்டியை மூடினேன். மறுநாளிலிருந்து கேட்பதை நிறுத்திவிட்டாள். ஜெயித்துவிட்டதுபோல் எனக்கு இருந்தது.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு வெளியிலிருந்து முக்கியமானவர்கள் ஸ்கிரீனைப் பார்க்க வருவதாக இருந்தது. அதற்காக ரோஸ் ஒரு தனிப்பக்கம் எழுதியிருந்தாள். ஸ்கிரீன் முழுவதும் ஒரே எண், கெட்டிலின் சூடு, ஒவ்வொரு இலக்கமும் கையளவு உயரத்தில். வழக்கமான பக்கத்தில், கம்பியிலிருந்து தகவல் வராமல் போனால் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி வரும். பெரிய எழுத்துப் பக்கத்தில் அதற்கு இடமில்லை. அவள் அதை விட்டுவிட்டாள். இது எனக்கு அப்போது தெரியாது. அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு அழகியநம்பி சார், "இதுதாம்மா வேணும்" என்று சொன்னது மட்டும் தெரியும்.

காலையிலிருந்து ஒவ்வொருவராக வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்கள். ரோஸ் நல்ல சேலை கட்டியிருந்தாள். வருகிறவர்களிடம் சொல்ல வேண்டியதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, ஸ்கிரீனுக்கு முதுகைக் காட்டி நின்று முணுமுணுப்பாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

பதினொரு மணிக்கு நான் ரெக்கார்டரைத் திறந்தேன்.

பேனா இருநூற்று நாற்பத்தேழில் இருந்தது. ஏறிக்கொண்டிருந்தது. பேனா சரியாக எழுதுகிறதா என்று பார்த்தேன். கோடு நடுங்கியது. அடைப்பு இல்லை. திரும்பி ஸ்கிரீனைப் பார்த்தேன். 238.4.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். 238.4. அந்தக் கடைசி இலக்கம் அசையவில்லை. கொதிக்கிற கெட்டிலில் அப்படி நிற்காது. ஸ்கிரீனுக்கு எதுவும் வந்துசேரவில்லை. கடைசியாக வந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கன்ட்ரோலரும் அந்த எண்ணைத்தான் நம்பும். சூடு இன்னும் ஒன்றரை டிகிரி போதாது என்று நினைத்து, வால்வைத் திறந்துகொண்டே போகும். இதெல்லாம் எனக்கு ஒரே கணத்தில் புரிந்தது. பிசிக்ஸ் படித்தவளுக்குப் புரியாமல் என்ன.

காகிதத்தில் பென்சிலால் எழுதினேன். 11.00. அ.ல. கை பழக்கத்தில் எழுதியது. வட்டம் போடவில்லை. பெட்டியை மூடிவிட்டு என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன்.

ரோஸ் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஆறடி இருக்கும். எனக்குப் பேச வராது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். அன்று அது வசதியாக இருந்தது. பன்னிரண்டு மணிக்கு அவர்கள் வந்து நிற்கும்போது அந்த எண் அசையாமல் நிற்பதை யாராவது கேட்க வேண்டும், அவள் முழிக்க வேண்டும், அழகியநம்பி சார் என் பக்கம் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் நான் நினைத்தது. கெட்டிலை நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நினைத்தேன். சூடு இருநூற்று ஐம்பத்தைந்தைத் தாண்டுவதற்குள் சொல்லிவிடலாம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் எழுந்துபோய்ப் பேனாவைப் பார்க்கவில்லை.

பதினொன்று இருபதுக்கு இன்டர்காம் அடித்தது. என் மேஜைப் பக்கம் இருந்ததால் நான்தான் எடுத்தேன். திரவியம் அண்ணாச்சி.

"கீழ ஒரு மாதிரி இருக்கு பிள்ளே. கலக்கி முக்குது. சாரைக் கூப்பிடு."

அழகியநம்பி சார் ஓடினார். ரோஸ் ஓடினாள். கலக்கியின் மோட்டார் இரண்டு நிமிஷம் உறுமிவிட்டு நின்றது. அப்புறம் அந்தக் கட்டிடத்தில் நான் அதுவரை கேட்டிராத அமைதி. ஸ்கிரீனில் 238.4 என்று இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு வர வேண்டியவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மத்தியானம் சார் மேலே வந்து ரெக்கார்டரின் கண்ணாடி வழியாகக் கோட்டைப் பார்த்தார். பேனா உச்சிக்குப் போய்விட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. ஏறிய பகுதி சுருளுக்குள் போயிருந்தது. நாளைக் காலை மானேஜர் வந்து எல்லாவற்றையும் பார்ப்பார், அதுவரை யாரும் எதையும் தொட வேண்டாம் என்றார். பிறகு யாரிடமும் இல்லாமல், "பதினொரு மணிக்குத் தெரிஞ்சிருந்தாக்கூடக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார்.

ரோஸ் அழவில்லை. தன் பக்கத்தை ஸ்கிரீனில் மாற்றி வழக்கமான பக்கத்தைக் கொண்டுவந்தாள். எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றரை மணிக்கு, கெட்டிலைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கீழே போனாள்.

ரெக்கார்டரின் சாவி ஸ்கிரீனுக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியில் தொங்கும். எடுத்துத் திறந்தேன். சுருளைப் பின்னுக்கு இழுத்தேன். 11.00 அ.ல. என் எழுத்து எப்போதும்போல் அழகாக இருந்தது. ரப்பரால் அழித்தேன். பென்சில் போயிற்று. கூடவே பச்சைக் கட்டமும் போய்விட்டது. ஏறுகிற சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் நகத்தளவு வெள்ளையாக ஓர் இடம் விழுந்தது. அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாது. சுருளைப் பழையபடி சுற்றிப் பூட்டிவிட்டேன். பத்தரைக்கு எழுதிய இனிஷியல் இருந்தது. பதினொன்றரைக்கு நான் எழுதவேயில்லை. இந்த ஒரு தடவை பார்க்கத் தவறிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அது சின்னக் குற்றம்.

மறுநாள் பத்து மணிக்கு மானேஜர் வந்தார். சார் சுருளை வெளியே எடுத்து மேஜைமேல் விரித்தார். நானும் ரோஸும் எதிரில் நின்றோம். கதவருகில் திரவியம் அண்ணாச்சி.

மானேஜர் முதலில் ரோஸிடம் கேட்டார். பெரிய எழுத்துப் பக்கத்தில் நட்சத்திரக் குறியை ஏன் விட்டாய் என்று. இடமில்லை என்று நினைத்தேன், அது என் தப்பு என்றாள். ரெக்கார்டரோடு ஒத்துப்பார்க்கும் வழக்கம் உண்டே, அதை ஏன் விட்டாய் என்றார். அதற்கு அவள் கொஞ்சம் தயங்கினாள். என் பக்கம் திரும்பவில்லை. "அதும் என் தப்புதான் சார்" என்றாள்.

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

மானேஜர் கோட்டின்மேல் விரலை ஓட்டிக்கொண்டு வந்தார். வெள்ளை இடத்தில் விரல் நின்றது. காகிதத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பென்சில் அழுத்திய தடம் அதில் தெரிந்திருக்க வேண்டும்.

"இங்கே அனந்தலக்ஷ்மியோட இனிஷியல் இருந்திருக்கு. யாரோ அழிச்சிருக்காங்க" என்றார்.

அழகியநம்பி சார் முந்தைய வாரங்களின் சுருள்களைக் கொண்டுவந்து போட்டார். ஒவ்வொரு அரைமணிக்கும் அ.ல., அ.ல. என்று வரிசையாக. இந்தப் பெண் ஒரு தரம்கூட விட்டதில்லை என்றார். பதினொரு மணிக்கு இவள் பார்த்திருக்கிறாள், பார்த்திருந்தால் சொல்லியுமிருப்பாள். அப்படியென்றால் சொன்னதைக் கேட்காதது யார், கேட்கவில்லை என்று தெரியாமல் இருப்பதற்காக அழித்தது யார்? இதை அவர் வாயால் சொல்லவில்லை. சாவி தொங்கும் ஆணியைப் பார்த்தார். ஆணிக்குக் கீழே ரோஸின் நாற்காலி.

"நான் தொடலை சார்" என்றாள் ரோஸ். குரல் முதல்முறையாக நடுங்கியது.

நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. மூன்று வருஷத்து இனிஷியல் எனக்காகப் பேசிக்கொண்டிருந்தது. எனக்குப் பேச வராது என்றும் எல்லாருக்கும் தெரியும். தலைகுனிந்து நின்றால் போதும், டிசம்பர்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

மானேஜர் என்னிடம் கேட்டார். "பதினோரு மணிக்கு நீ பார்த்தியா?"

"பார்த்தேன் சார்."

"ஏறியிருந்ததா?"

"நாற்பத்தேழு."

"ரோஸ்கிட்டே சொன்னியா?"

ரோஸ் இப்போது என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நான் ஆமாம் என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. அரைமணிக்கு ஒருதரம் நாற்காலியிலிருந்து திரும்பி எத்தனை என்று கேட்பாளே, அதே பார்வை. எண்ணைச் சொல்லக் காத்திருக்கிற பார்வை.

"சொல்லலை சார்" என்றேன். "அழிச்சதும் நான்தான்."

திரவியம் அண்ணாச்சி கதவை விட்டு நகர்ந்து கீழே இறங்கிப் போவது கேட்டது. ஏன் என்று அழகியநம்பி சார் கேட்டார். அந்த ஏனுக்கு என்னிடம் பதில் இருந்தது. அது ஒரே சொல். அதை மட்டும் அவர் முன்னால் சொல்ல முடியவில்லை. அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் எதையுமே அவர் கேட்கவில்லை.

மாதக் கடைசியோடு வேலை முடிந்தது. அதுவரை என்னை ஸ்டோரில் உட்காரவைத்தார்கள். அங்கிருந்து பார்த்தால் கெட்டில் தளம் தெரியும். திரவியம் அண்ணாச்சியும் இன்னும் மூன்று பேரும் மாறி மாறி உள்ளே இறங்கினார்கள். உளிச்சத்தம் எட்டு நாள் கேட்டது. தேன் நிறத்தில் கண்ணாடித் துண்டுகள் மாதிரி சாக்குச் சாக்காக வெளியே வந்தது. அண்ணாச்சியின் கையில் கட்டுப் போட்டிருந்தார்கள். ஸ்டோருக்கு உளி வாங்க வரும்போது என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிப்போவார்.

வீட்டில் அம்மாவிடம், அந்த வேலையையே எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். மெஷின் வந்து மனுஷாள் வயித்துல அடிச்சுடுத்து என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசி நாள் சர்ட்டிபிகேட் வாங்க ஆபீசுக்குப் போனேன். திரும்பும் வழியில் கன்ட்ரோல் ரூம் கதவு திறந்திருந்தது. ரோஸ் ரெக்கார்டர் முன்னால் நின்றிருந்தாள். புதிய உத்தரவு போட்டிருந்தார்கள். அரைமணிக்கு ஒருதரம் ஸ்கிரீனையும் கோட்டையும் ஒத்துப்பார்த்து இரண்டையும் எழுதி இனிஷியல் போட வேண்டும். ரெக்கார்டரை எடுக்கப்போவதில்லை. இரண்டையும் ரோஸே பார்த்துக்கொள்வாள். நிரந்தரம் ஆகுமா என்பதை மட்டும் ஆறு மாதம் தள்ளிப்போட்டிருந்தார்கள்.

நான் நிற்பதை அவள் பார்த்துவிட்டாள். போய்விடலாம் என்று நினைத்தேன்.

"சேச்சி, பேனா அடைச்சுப் போச்சு. கம்பியை எந்தப் பக்கமா விடணும்?" என்று கேட்டாள்.

முனைப்பக்கத்திலிருந்து விடக்கூடாது, மை ஊற்றும் பக்கத்திலிருந்து விட வேண்டும், விட்டுவிட்டு ஒரு தரம் ஊத வேண்டும் என்று சொன்னேன். அப்படியே செய்தாள். பேனா எழுதத் தொடங்கியது. கோடு நடுங்கிக்கொண்டு இறங்கியது. அவள் நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. பென்சிலை எடுத்து நேரம் எழுதி, பக்கத்தில் ரோ. என்று போட்டாள். அவளுடைய வலது ஆள்காட்டி விரல் நகம்வரை சிவப்பாக இருந்தது.

பஸ்ஸில் உட்கார்ந்து என் விரலைப் பார்த்தேன். இத்தனை நாளில் சிவப்பு சுத்தமாகப் போயிருந்தது. வலியதுறை பஸ்ஸிலும் ஒரு கண்டக்டர் இருப்பார். டீச்சரா என்று அவளிடமும் கேட்பார். அவள் இல்லை என்று சொல்லி, கெட்டிலையும் பேனாவையும் விளக்கி, அவரைச் சிரிக்கவும் வைப்பாள். அதை நினைத்துக்கொண்டே கிழக்கேகோட்டையில் இறங்க மறந்து, பஸ் ஸ்டாண்டுக்குள் போய்த் திரும்பிய பிறகுதான் எழுந்தேன்.